வில்லா அல்பானி: முதல் நவசெவ்வியல் மாளிகையா, கடைசி பரோக் மாளிகையா?

#1 கல்லுளி (இழையைத் தொடங்கியவர்)

ரோம் நகரின் வில்லா அல்பானியைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் "நவசெவ்வியல் பாணியின் தொட்டில்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். சில மாதங்களாக அந்த மாளிகையின் வரைபடங்களையும் பழைய செதுக்கோவியங்களையும் (செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்கள்) புரட்டிப் பார்த்து வருகிறேன். பார்க்கப் பார்க்க அந்த வரியின் மேல் எனக்கு ஐயம் வலுக்கிறது. அதனால்தான் இந்த இழை. (நவசெவ்வியல் என்பது பண்டைக் கிரேக்க, ரோமானியக் கலையின் எளிமையை மீட்க முயன்ற பாணி; பரோக் என்பது அதற்கு முந்திய, நெளிவும் ஆடம்பரமும் மிகுந்த பாணி.)

அடிப்படைச் செய்திகளை முதலில் வைத்துவிடுகிறேன். நகர மதிலுக்கு வெளியே, சலாரியா சாலையில், பாப்பரசர் பதினோராம் கிளமெண்டின் உடன்பிறந்தார் மகனான கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ அல்பானி கட்டுவித்த மாளிகை இது. 1747 வாக்கில் தொடங்கிய பணி 1767 வரை நடந்தது. கட்டடக் கலைஞர் கார்லோ மார்கியோன்னி. தோட்டத்தை நோக்கிய முகப்பில், கீழ்த்தளம் முழுவதும் வளைவுகள் வரிசையாக நிற்கும் திறந்த தாழ்வாரம்; மேல்தளத்தில் அலங்காரச் சட்டங்களுடன் கூடிய சாளரங்கள், அவற்றுக்கிடையே சுவரோடு ஒட்டிய தட்டைத் தூண்கள்; உச்சியில் குட்டைத் தூண்கள் கோத்த கைப்பிடிச் சுவர். இருபுறமும் தாழ்ந்த சிறகுகள் நீள்கின்றன.

இதில் எங்கே இருக்கிறது நவசெவ்வியல்? மைக்கலாஞ்சலோ கேப்பிட்டல் குன்றில் கட்டியவற்றைப் பார்த்துப் பழகிய ரோமானியக் கண் ஒன்று, இருநூறு ஆண்டு வழக்கத்தைக் கைவிடாமல் போட்ட முகப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மார்கியோன்னியின் மற்ற வேலைகளைப் பாருங்கள். அவர் சிற்பியும்கூட, ரோமின் சாந்தா மரியா சோப்ரா மினர்வா ஆலயத்தில் பாப்பரசர் பதின்மூன்றாம் பெனடிக்டின் கல்லறைச் சின்னம் அவர் வடிவமைத்தது. வில்லா முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1776-இல் புனித பேதுரு பேராலயத்தின் திருப்பொருள் அறையைக் கட்டத் தொடங்கியபோதும் அவருடைய கை பரோக் கைதான். தொட்டிலில் பிள்ளையை வளர்த்தவர் அதன் பிறகும் அந்தப் பிள்ளையின் முகத்தை அறியாமலிருந்தார் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

என் கருத்து இதுதான்: "நவசெவ்வியல்" என்ற பெயர் இந்த வீட்டில் குடியிருந்தவர்களால் இந்த வீட்டுக்கு வந்தது; சுவர்களால் வரவில்லை. மறுப்பவர்கள் சுவரையோ தூணையோ காட்டி மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

#2 ஏட்டுச்சுவடி

சுவரைக் காட்டச் சொல்கிறீர்கள். நான் கூரையைக் காட்டுகிறேன்.

மேல்தளத்துப் பெரிய கூடத்தின் உட்கூரையில் அன்டோன் ராஃபேல் மெங்ஸ் 1761-இல் முடித்த "பர்னாசஸ்" ஓவியம் இருக்கிறது. நடுவில் அப்பல்லோ, ஒரு கையில் யாழும் மறு கையில் வாகை மாலையும் ஏந்தி நிற்கிறார். சுற்றிலும் கலைத் தேவியர் ஒன்பதின்மரும் அவர்களுடைய தாயான நெமோசினும். அப்பல்லோவின் நிலை வாத்திகனில் உள்ள பெல்வெடேர் அப்பல்லோ சிலையை நினைவூட்டுகிறது. காட்சியமைப்போ, மறுமலர்ச்சிக் கால ஓவியர் ரஃபேல், பாப்பரசரின் அறையில் தீட்டிய பர்னாசஸுக்குக் கடன்பட்டது. முகில்கள் பிளக்கவில்லை, குதிரைகள் பாயவில்லை, தூதர்கள் தலைகீழாகத் தொங்கவில்லை. சுவரில் மாட்டவேண்டிய ஓர் ஓவியத்தைக் கழற்றிக் கூரையில் பொருத்தியதைப் போல, எல்லா உருவங்களும் நேர்நிலையில் அமைதியாக நிற்கின்றன.

அதே கர்தினாலின் நூலகராக 1758 முதல் இருந்தவர் யோகான் யோவாக்கிம் வின்கெல்மான். 1764-இல் வெளிவந்த தம் பண்டைக் கலை வரலாற்று நூலில் மெங்ஸைத் தம் காலத்தின் தலைசிறந்த கலைஞராகப் புகழ்ந்தவர் அவர். கொள்கை ஓர் அறையில் எழுதப்படுகிறது. அதே வீட்டின் இன்னோர் அறையில் அது தீட்டப்படுகிறது. தொட்டில் என்று சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்?

#3 மாடக்குழி

நான் கட்டடக்கலை படித்தவள் அல்லள். இந்த இழையை ஆர்வத்தோடு படிக்கிறேன். உருவங்கள் கூரையில் நேராக நிற்பது ஏன் அவ்வளவு பெரிய செய்தி என்று யாராவது விளக்க முடியுமா? ஓவியம் என்றால் உருவங்கள் நேராகத்தானே நிற்கும்?

#4 ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி. ரோமில் புனித இக்னேசியஸ் ஆலயத்துக்குள் நடந்தால், தரையில் ஓரிடத்தில் பளிங்கு வட்டம் ஒன்று பதித்திருக்கும். அந்த வட்டத்தின்மேல் நின்று அண்ணாந்தால், அந்த்ரேயா பொட்சோ 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய கூரை காணாமல் போய், சுவர்கள் மேலும் மேலும் உயர்ந்து வானத்தில் திறப்பதைப் போலத் தெரியும். வட்டத்தை விட்டு நகர்ந்து பாருங்கள்: தூண்கள் சாயும், உருவங்கள் கோணும். கூரை ஓவியத்தின் திறமை என்று அப்போது கருதப்பட்டது இதுதான்: பார்ப்பவரை ஓரிடத்தில் நிறுத்திக் கண்ணை ஏமாற்றுவது. உருவங்களைக் கீழிருந்து பார்ப்பதைப் போல, பாதம் பெரிதாகவும் தலை சிறிதாகவும் சுருக்கித் தீட்டுவார்கள்.

மெங்ஸ் அந்த வித்தையையே மறுத்தார். அவருடைய கூரை கூரையாகவே இருக்கிறது. ஓவியம் ஓவியமாகவே இருக்கிறது. கூடத்தில் எங்கே நின்றாலும் அப்பல்லோ கோணுவதில்லை, நிற்க வேண்டிய வட்டம் என்று ஒன்று தேவைப்படவில்லை. கழுத்து வலிப்பது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

#5 கல்லுளி (இழையைத் தொடங்கியவர்)

பர்னாசஸைப் பற்றி ஏட்டுச்சுவடி அவர்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கூடத்தின் மீதிப் பகுதியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நடு ஓவியத்தின் இருபுறமும் வட்டச் சட்டத்துக்குள் இரண்டு சிறிய ஓவியங்கள் உள்ளன. அவற்றில் மெங்ஸே பழைய வழக்கத்துக்கு இணங்கி, கீழிருந்து பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப உருவங்களைச் சுருக்கியிருக்கிறார். தாம் ஒதுக்கிய வித்தையை ஓரத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

பிறகு அந்தக் கூரையைத் தாங்கும் சுவர்கள். பொன்முலாம் பூசிய சுதைவேலை, பல நிறப் பளிங்குகளை வெட்டிப் பதித்த பலகைகள், அவற்றுக்கிடையே பண்டைப் புடைப்புச் சிற்பங்கள். ஓர் அங்குலம் வெறுமையாக விடப்படவில்லை. செவ்வியல் கலையின் சாரமாக வின்கெல்மான் 1755-இலேயே எழுதிய அந்தப் புகழ்பெற்ற சொற்றொடர், "மேன்மையான எளிமையும் அமைதியான பெருமையும்" என்பது. அதை இந்த அறையின் நடுவில் நின்று உரக்கப் படித்தால் அறையே சிரிக்கும்.

ஆக, ஒரு கூரை ஓவியத்தின் நடுப்பகுதி நவசெவ்வியல். அதை ஒப்புக்கொள்கிறேன். மாளிகை?

#6 பளிங்குப்பொடி

இருவரும் மாளிகையை வீடாகவே பார்க்கிறீர்கள். அங்கேதான் வழி தவறுகிறது என்று நினைக்கிறேன். அல்பானி அங்கே குடியிருப்பதற்காகக் கட்டவில்லை. நகரத்துக்குள் அவருக்கு அரண்மனை இருந்தது. இது பகலில் வந்து, விருந்தினருக்குச் சிலைகளைக் காட்டி, மாலையில் திரும்பிப்போவதற்கான இடம். சொல்லப்போனால், சுவர்கள் எழுப்பிய நகைப்பெட்டி.

கர்தினாலின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இது புரியும். 1692-இல் உர்பினோவில் பிறந்தவர். இளமையில் பாப்பரசரின் குதிரைப்படையில் அதிகாரி. 1721-இல் கர்தினால் ஆனார். சிலைகளை வாங்குவதில் எவ்வளவு தீவிரமோ, கடன் கழுத்தை நெரிக்கும்போது விற்பதிலும் அவ்வளவு தீவிரம். 1728-இல் ஒரு தொகுதியைப் போலந்து மன்னர் அகஸ்டஸுக்கு விற்றார். அவை டிரெஸ்டன் போயின. 1733-இல் அடுத்த பெருந்தொகுதியைப் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெண்ட் வாங்கினார். அதைக் கொண்டுதான் கேப்பிட்டல் அருங்காட்சியகம் 1734-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1762-இல், தம் குடும்பம் வைத்திருந்த காசியானோ தால் பொட்சோவின் "காகித அருங்காட்சியக" ஓவியங்களை (பண்டைப் பொருள்களை வரைந்து சேர்த்த தொகுப்பு) ஜேம்ஸ் ஆடம் வழியாக இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு விற்றார். இவ்வளவு விற்ற பிறகு மீண்டும் சேர்த்ததைத்தான் சலாரியா சாலை மாளிகையில் வைத்தார்.

இங்கிலாந்துக்கு அவர் கொடுத்தது ஓவியங்களை மட்டுமல்ல. இங்கிலாந்து அரியணையை இழந்து ரோமில் அடைக்கலம் புகுந்திருந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தினரின் நடமாட்டத்தைப் பற்றிப் புளோரன்சில் இருந்த ஆங்கிலத் தூதர் ஹோரஸ் மேனுக்குப் பல ஆண்டுகள் செய்தி அனுப்பி வந்தவர் இவர். வில்லாவில் ஆங்கிலேயச் சீமான்களுக்கு அத்தனை வரவேற்பு கிடைத்ததற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

எனவே கேள்வியை நான் இப்படி மாற்றுவேன்: சிலைகளுக்காகவே ஒரு கட்டடம் எப்படித் திட்டமிடப்பட்டது? கீழ்த்தளத் தாழ்வாரம் திறந்திருப்பதும், சிறகுகள் நீண்டிருப்பதும், மாடங்கள் அடுக்கியிருப்பதும் சிலைக்காக. கட்டடத்தின் பாணியைவிடக் கட்டடத்தின் வேலை புதியது.

#7 கல்லுளி (இழையைத் தொடங்கியவர்)

பளிங்குப்பொடி அவர்களின் இந்தப் பதிவு என்னை ஓர் அடி பின்வாங்க வைக்கிறது. முகப்பையே வெறித்துக்கொண்டிருந்தேன், திட்டத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் ரோமில் சிலைகளுக்காகவே மாளிகை எழுப்புவது புதிதன்று. கர்தினால் சிப்பியோனே போர்கேசே 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதைச் செய்துவிட்டார். அந்தத் தோட்டம் இங்கிருந்து நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. புதுமை எது என்பதை இன்னும் கூர்மையாகச் சொல்ல வேண்டும்.

#8 பளிங்குப்பொடி

சொல்கிறேன். போர்கேசே மாளிகையில் சிலை அலங்காரம். அல்பானி மாளிகையில் சிலை சான்று.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு. 1735-இல் திவோலியில் ஹேட்ரியன் பேரரசரின் வில்லாவில் ஒரு புடைப்புச் சிற்பம் தோண்டியெடுக்கப்பட்டது. பேரரசரின் அன்புக்குரிய இளைஞன் அந்தினூஸ், பக்கவாட்டு முகத்துடன், மார்பு வரை. கையில் மலர் மாலை. வெண்பளிங்கு. தலைமுடிச் சுருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துளையிட்டுச் செதுக்கப்பட்டவை, கன்னமோ ஓர் உளித்தடம் தெரியாமல் வழவழப்பாக்கப்பட்டது, தாழ்ந்த பார்வை. இதை அல்பானி எங்கே வைத்தார்? ஓர் அறையின் கணப்படுப்புக்கு மேலே, சுவரில் பதித்து, அந்த அறை முழுவதும் அந்த ஒன்றையே பார்க்கும்படி. வின்கெல்மான் இதைப் பற்றி எழுதி எழுதி ஓயவில்லை. 1768-இல் அன்டோன் ஃபொன் மாரோன் தீட்டிய வின்கெல்மானின் உருவப்படத்தில், அவர் முன் மேசையில் விரிந்திருப்பது இந்த அந்தினூஸின் செதுக்கோவியத் தாள்தான்.

வின்கெல்மான் 1767-இல் வெளியிட்ட, அதுவரை பதிப்பிக்கப்படாத பண்டைச் சின்னங்களைப் பற்றிய இரண்டு தொகுதிகளில் இந்த மாளிகைப் பொருள்கள் நிறைய இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றையும் இது யார், எந்தக் கதை, எந்தக் காலம் என்று கேட்டு எழுதினார். மாளிகையே பொருளடக்கமாகவும் நூலே மாளிகையின் விளக்கமாகவும் அமைந்துவிட்டன. போர்கேசேயிடம் சிற்பி பெர்னினி இருந்தார், வின்கெல்மான் இல்லை.

#9 சுண்ணாம்புக்கல்

சான்று என்று சொல்கிறீர்களே, அந்தச் சான்றுகளில் எத்தனை முழுமையாகக் கிடைத்தவை? மண்ணிலிருந்து வந்த பெரும்பாலான சிலைகளுக்குக் கையில்லை, மூக்கில்லை, சிலவற்றுக்குத் தலையே இல்லை. அல்பானியின் சிலைகளைச் செப்பனிட்டவர் பார்த்தலோமேயோ கவச்செப்பி. ரோமிலேயே பெரிய பட்டறை அவருடையது. உடைந்த சிலையை உடைந்தபடியே காட்சிக்கு வைக்க அந்தக் காலத்துச் சீமான்கள் யாரும் விரும்பவில்லை. எனவே புதுக் கை, புது மூக்கு, புதுப் பீடம். பழைய பளிங்கின் நிறத்துக்கு ஏற்பப் புதுத்துண்டைத் தேர்ந்தெடுத்து, இணைப்புத் தெரியாமல் மெருகிட்டு, சில வேளைகளில் புதுத்துண்டையும் வேண்டுமென்றே அடித்துச் சிதைத்துப் பழமை காட்டுவார்கள். கையில் எந்தப் பொருளைக் கொடுக்கிறோமோ அதைப் பொறுத்துச் சிலையின் பெயரே மாறிவிடும்: வில்லைக் கொடுத்தால் அப்பல்லோ, கிண்ணத்தைக் கொடுத்தால் மதுத் தெய்வம் பாக்கஸ்.

கவச்செப்பியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சேர்ப்பு எவ்வளவு என்பதில் கட்டுப்பாடு வேண்டும், புதுப்பகுதி பழைய பகுதியின் பாணியை மீறக்கூடாது என்று அச்சில் எழுதியவரும் அவரே. ஆனால் "எளிமை", "தூய்மை" என்றெல்லாம் நாம் அந்தக் கூட்டத்தாரிடம் காணும் குணங்களில் ஒரு பங்கு பட்டறையின் மெருகுத்தூளில் பிறந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மெங்ஸ் ஒரு "பண்டைய" சுவரோவியத்தைத் தாமே தீட்டினார் என்பது பழைய கதை. ஜூபிட்டர் கானிமீடை முத்தமிடும் காட்சி. அதை மெய்யான பண்டை ஓவியம் என்று நம்பி, வின்கெல்மான் தம் 1764-ஆம் ஆண்டு நூலில் புகழ்ந்து எழுதினார். மெங்ஸ் இறக்கும் தறுவாயில் ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். அந்த ஓவியம் இப்போது ரோமில் பார்பெரினி அரண்மனையின் காட்சிக்கூடத்தில் தொங்குகிறது. நண்பர் ஏட்டுச்சுவடி புகழ்ந்த, கொள்கையும் ஓவியமும் சேர்ந்து வாழ்ந்த அந்த வட்டாரத்தில் இதுவும் நடந்தது.

#10 வழிப்போக்கன்

இந்த இழையில் எழுதுகிறவர்களில் அந்த மதிலை நேரில் பார்த்தவன் நான் ஒருவன் இருக்கலாம், மதிலைத்தான் பார்த்தேன். மாளிகை இன்றும் தனியாருக்குச் சொந்தமானது. முன்கூட்டி அனுமதி பெற்றவர்களுக்கே உள்ளே செல்லும் வாய்ப்பு. அது தெரியாமல் ஒரு பிற்பகலில் சலாரியா சாலையில் மதிலோடு மதிலாக நடந்தேன். குடைபோல் விரிந்த ஊசியிலை மரங்களின் தலைகள் தெரிந்தன. கம்பிக் கதவின் இடுக்கில் ஒரு பாதையின் தொடக்கம் தெரிந்தது. பேருந்துகள் என் முதுகை உரசிக்கொண்டு போயின. அவ்வளவே. எதிர்ப்பக்கத்துக் குடியிருப்பின் ஐந்தாம் தளத்து மாடத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மையார் என்னைவிட நன்றாக வில்லா அல்பானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே எனக்கும் செதுக்கோவியக் கலைஞர் பிரனேசியின் 1769-ஆம் ஆண்டுச் செதுக்கோவியமே கதி. அதைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது: நீங்கள் எல்லோரும் தோட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நறுக்கிய புல்வேலிகளால் கோலமிட்ட தோட்டம், நடுவில் நீரூற்று, மாளிகையிலிருந்து நேராக ஓடும் அச்சு. அச்சின் மறுமுனையில் பிறைவடிவில் வளைந்த காப்பிமாளிகை. மாளிகையும் காப்பிமாளிகையும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. தோட்டத்தின் அமைப்பில் 1748-இல் ரோமின் மாபெரும் வரைபடத்தை வெளியிட்ட ஜோவான்னி பத்தீஸ்தா நொல்லியின் பெயரும் சொல்லப்படுகிறது. வடிவம் முழுவதும் பழைய முறைத் தோட்டம். இந்த விஷயத்தில் கல்லுளி அவர்களின் கட்சிக்கு வலு சேர்க்கிறேன்.

ஆனால் அதே தோட்டத்தின் ஒரு பக்கத்தில், வேண்டுமென்றே இடிந்ததைப் போலக் கட்டிய சிறு கோயில் ஒன்று இருக்கிறது. உண்மையான பண்டைத் துண்டுகளை வைத்தே பொய்யான இடிபாடு. இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

#11 ஏட்டுச்சுவடி

நல்ல இடத்தில் கைவைத்தீர்கள். இடிபாட்டுக் கோயில் ஒருபுறம் இருக்க, மாளிகைச் சிறகுகளின் முனையில் இருக்கும் இரண்டு சிறு "கிரேக்க" கோயில் முகப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூண்கள், மேலே முக்கோண முகடு, வேறொன்றுமில்லை. மார்கியோன்னியின் பெரிய முகப்பில் இல்லாத மொழி அந்தச் சிறு முகப்புகளில் இருக்கிறது. 1750-களிலும் 1760-களிலும் ரோமில் நடந்த சண்டையை நினைவில் வைத்துப் பாருங்கள்: கிரேக்கர்களே கலையின் ஊற்று என்று வின்கெல்மான் ஒருபுறம், ரோமானியர்களும் அவர்களுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எத்துருஸ்கர்களுமே கட்டடத்தில் பெரியவர்கள் என்று 1761-இல் பெருநூல் வெளியிட்ட பிரனேசி மறுபுறம். அந்தச் சண்டையின் ஒரு கட்சி இந்தத் தோட்டத்தில் கல்லாகவே நிற்கிறது. மறுகட்சிக்காரர் வந்து அதைச் செதுக்கோவியமாக்கி விற்றார் என்பது ரோமுக்கே உரிய வேடிக்கை.

ஆகவே கல்லுளி அவர்களே, தாங்கள் கேட்ட தூணைக் காட்டிவிட்டேன்.

#12 தூணும்வளைவும்

காட்டியது தூண்தான், மாளிகை இன்னும் இல்லை. உண்மையான நவசெவ்வியல் மாளிகை எப்படி இருக்கும் என்று பார்க்க மிலானுக்குப் போகலாம்.

லொதோவிக்கோ பார்பியானோ தி பெல்ஜொயோசோ கோமகனுக்காக, கட்டடக் கலைஞர் பியெர்மரீனியின் மாணவரான லெயோபோல்தோ போல்லாக் 1790 முதல் 1796 வரை கட்டிய வில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கீழ்த்தளம் முரட்டுக்கல் போல் வெட்டிய அடித்தளமாகவே நின்றுவிடுகிறது. அதன் மேல் ஓங்கிய தூண்வரிசை இரண்டு தளங்களைச் சேர்த்துக் கட்டிப்பிடித்து எழுகிறது. சாளரங்களுக்கு மேலே புராணக் காட்சிப் புடைப்புச் சிற்பங்கள். அவற்றின் கருப்பொருள்களை வகுத்தவர் கவிஞர் ஜூசெப்பே பரீனி. வளைவும் நெளிவும் எங்குமே இல்லை. பின்னால் இருக்கும் தோட்டமோ கோலத்தோட்டமன்று. குளமும் வளைந்த பாதையுமாக, மிலானில் ஆங்கில முறையில் அமைந்த முதல் தோட்டம். பிற்காலத்தில் மாளிகை நெப்போலியனுக்குக் கொடுக்கப்பட்டது. அவருடைய பிரதிநிதி யூஜின் தெ போஹார்னே அங்கே வாழ்ந்தார். 1858-இல் ஆஸ்திரியத் தளபதி ராதெட்ஸ்கி இறந்ததும் அங்கேதான். இப்போது நகராட்சியின் நவீனக் கலைக்கூடம். மதிலுக்கு வெளியே நிற்கத் தேவையில்லை என்பதை வழிப்போக்கன் அவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அந்த மாளிகையின் உணவுக்கூடத்தில் 1811-இல் அந்த்ரேயா அப்பியானி ஒரு கூரை ஓவியம் தீட்டினார். பொருள் என்ன தெரியுமா? பர்னாசஸ். அப்பல்லோவும் கலைத் தேவியரும். மெங்ஸ் தீட்டி ஐம்பது ஆண்டு கழித்து அதே காட்சி. ஆனால் இம்முறை கூரைக்கும் சுவருக்கும் முகப்புக்கும் ஒரே பேச்சு. ரோமில் கூரை மட்டும் தனியாகப் பேசியது.

#13 மாடக்குழி

இந்த ஒப்பீடு எனக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கிவிட்டது, நன்றி. ஒரு சிறு ஐயம்: அல்பானியோ மெங்ஸோ தங்களை "நவசெவ்வியலார்" என்று சொல்லிக்கொண்டார்களா?

#14 தூணும்வளைவும்

இல்லை. அந்தச் சொல்லே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கலை எழுத்தில் வழக்குக்கு வந்தது; அதுவும் முதலில் ஏளனமாக. அவர்கள் தங்கள் கலையை மெய்யான பாணி என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். எனவே இந்த இழையின் தலைப்பை அந்த வீட்டு வாசலில் எழுதி ஒட்டியிருந்தால் கர்தினாலுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அதோடு கடைசி ஆண்டுகளில் அவருக்குக் கண் பார்வையே போய்விட்டது. சிலைகளைக் கையால் தடவித் தரம் பார்த்தார் என்று சொல்வார்கள்.

#15 பளிங்குப்பொடி

பாணிக்கு வெளியே, மாளிகையின் பிற்கால வரலாற்றையும் பதிந்துவிட்டால் இந்த இழை பின்னால் படிப்பவர்களுக்குப் பயன்படும்.

வின்கெல்மான் மாளிகை முடிந்த மறு ஆண்டே, 1768 ஜூன் 8 அன்று, திரியெஸ்டே விடுதி ஒன்றில் கொலையுண்டார். கர்தினால் 1779-இல் இறந்தார். மெங்ஸும் அதே ஆண்டு. 1798-இல் ரோமைப் பிடித்த பிரெஞ்சுப் படையினர் மாளிகைச் சிலைகளைப் பறிமுதல் செய்து பாரிசுக்கு ஏற்றினார்கள். நெப்போலியன் வீழ்ந்ததும் சிலைகளைத் திருப்பித்தர ஆணையாயிற்று. ஆனால் பளிங்கைத் திருப்பிக் கொண்டுவரும் வண்டிக்கூலி பளிங்கைவிடக் கனமாக இருந்தது. குடும்பத்தார் பலவற்றைப் பாரிசிலேயே விற்றுவிட்டார்கள். பவேரிய இளவரசர் லூட்விக் நல்லவற்றைப் பொறுக்கி மியூனிக்குக்குக் கொண்டுபோனார். சில லூவரில் தங்கிவிட்டன. அந்தினூஸ் திரும்பி வந்தான்.

அல்பானி குடும்பத்துக்குப் பிறகு மிலானின் கஸ்தெல்பார்கோ குடும்பத்தாரிடம் சென்ற மாளிகையை 1866-இல் இளவரசர் அலெஸ்ஸாந்த்ரோ தொர்லோனியா வாங்கினார். நான்கே ஆண்டுகளில், 1870 செப்டம்பர் 20 அன்று, இத்தாலியப் படை பியா வாயிலருகே மதிலைப் பிளந்து ரோமுக்குள் நுழைந்த நாளில், பாப்பரசரின் படைத்தலைவர் கான்ஸ்லரும் இத்தாலியத் தளபதி காடோர்னாவும் சரணடைவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது இந்த மாளிகையில்தான். பாப்பரசர் ஒருவரின் குடும்பத்து வீட்டில் பாப்பரசரின் ஆட்சி முடிந்தது.

தொர்லோனியா கொண்டுவந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வுல்ச்சியில் 1857-இல் கண்டெடுக்கப்பட்ட, பிரான்சுவா கல்லறை எனப்படும் எத்துருஸ்கக் கல்லறையின் சுவரோவியங்களை 1860-களில் பெயர்த்தெடுத்து, பின்னர் இங்கே வைத்தார்கள். கிரேக்கமே பெரிது என்று எழுதியவரின் வீட்டில், இன்று அறிஞர்கள் அனுமதி கேட்டுக் காத்திருப்பது பெரும்பாலும் அந்த எத்துருஸ்க ஓவியங்களைப் பார்ப்பதற்காக. பிரனேசிக்குத் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

#16 கல்லுளி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் நான் வைத்த இரண்டு தேர்வுகளையும் இப்போது கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். முகப்பும் தோட்டத்தின் அச்சும் ரோமானிய பரோக்கின் பின்மாலை. இதில் என் கருத்து மாறவில்லை. சிறகு முனைக் கோயில் முகப்புகளை நான் கணக்கில் எடுக்காமல் விட்டது பிழை. பளிங்குப்பொடி அவர்கள் சொன்ன "சான்று" என்ற சொல்தான் எனக்கு இந்த இழையில் கிடைத்த பெரிய பேறு. மார்கியோன்னி கட்டியது பெட்டி; அந்தப் பெட்டிக்குள் பொருள்களை அடுக்கிய முறையில்தான் புதுக்காலம் தொடங்குகிறது. மிலானில் போல்லாக் அந்த அடுக்குமுறையை எடுத்து முகப்பிலேயே வைத்தார்.

சுண்ணாம்புக்கல் அவர்கள் எழுப்பிய பட்டறைக் கேள்விக்கு மட்டும் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். லூட்விக் மியூனிக்குக்குக் கொண்டுபோன அல்பானி சிலைகளில் ஒன்று, இடக்கையில் குழந்தையை ஏந்திய பெண். குழந்தை அவள் முகத்தை நோக்கிக் கை நீட்டுகிறது. அவள் தலை அதன் பக்கம் மெல்லச் சாய்ந்திருக்கிறது. குழந்தையின் கையில் ஒரு சிறு குடம். இந்த மாளிகையில் இருந்தபோது வின்கெல்மான் இந்தச் சிலையை, குழந்தை பாக்கஸை வளர்த்த லூக்கோத்தியா என்று அடையாளம் கண்டார். குடம் இருந்தால் பாக்கஸ்தானே. ஆனால் அந்தக் குடம் செப்பனிட்டவர் சேர்த்தது. 1867-இல் ஹைன்ரிச் புருன் ஏதென்சு நாணயங்களோடு ஒப்பிட்டு, இது கி.மு. நான்காம் நூற்றாண்டில் கெஃபிசோடோட்டஸ் வடித்த சிலையின் ரோமானியப் படி என்று நிறுவினார்: பெண் அமைதித் தெய்வமான ஐரீனி, குழந்தை செல்வத்தின் தெய்வமான புளூட்டஸ். ஏதென்சில் மூலச்சிலையின் கையில் இருந்தது குடமன்று, செல்வக் கொம்பு.

மியூனிக்கின் சிற்பக்கூடமான கிளிப்டோதெக்கில் அவள் இன்றும் நிற்கிறாள். அங்கே போகும் வாய்ப்பு உங்களில் யாருக்காவது கிடைத்தால், குழந்தையின் தோளருகே கல் ஒட்டிய கோடு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்து இந்த இழையில் எழுதுங்கள்.